கொல்லைச் சுவரில் பாரிஸ்

பல வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து காரைக்கால் மாதா கோவில் வாசலில் என் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். மழை விட்ட காலை. நனைந்துபோன செருப்புகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன.

"ஸ்டெல்லா, நில்லும்மா."

ஞானப்பிரகாசம் மாமா. உறவில் மாமா இல்லை. எங்கள் போட்டோ ஸ்டூடியோவுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தவர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கோர்ட்டில் டவாலியாக இருந்து, அந்தச் சிவப்புப் பட்டையைக் கழற்றிய பிறகும் நிமிர்ந்தே நடந்தவர். வெள்ளை வேட்டி, வெள்ளைக் கோட்டு. கோட்டுப் பையிலிருந்து செபப் புத்தகத்தை எடுத்தார். அதற்குள்ளிருந்து ஒரு போட்டோ.

"இது எந்த ஊருன்னு சொல்லு பாப்போம்."

நீளக் கோட்டு போட்ட ஒரு பெண், ஒரு காபிக் கடை வாசலில் நிற்கிறாள். பின்னால் இரும்புக் கிராதி வைத்த மாடி, தெரு விளக்கு, மூன்று நாற்காலிகள். பெண் சிரிக்கிறாள். அவருடைய ஒரே மகள் மதலேன்.

"தெரியலையா? பாரி!" என்றார். அவர் பாரிஸ் என்று சொல்லமாட்டார். கடைசி எழுத்தை விழுங்கி, பிரெஞ்சுக்காரர்கள் சொல்வதுபோலவே சொல்வார். "என் மக பாரியில நிக்கிறா. ஆனா வேடிக்கையான ஊரும்மா அது. காபிக் கடைக்கு நொத்தேர் ஆபீசுன்னு போர்டு போட்டிருக்கான் பாரு. பத்திரம் எழுதுற எடத்துல காபி விக்கிறான் போல."

சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்தப் படத்தை எடுத்தது நான். கழுவி, காயவைத்து, ஓரம் வெட்டியதும் நான்தான். பாரிஸ் என்று அவர் காட்டிய இடம் எங்கள் ஸ்டூடியோவின் கொல்லைச் சுவர்.

"நல்லா இருக்கா மாமா" என்று சொல்லிவிட்டு, கையில் கிடைத்த செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஒன்று என்னுடையது இல்லை என்பது வீட்டுப் படியேறும்போதுதான் தெரிந்தது.

இந்தத் தொடரில் நான் எழுதியதையெல்லாம் படித்துவிட்டு என் மகள் ஒரு குறை சொன்னாள்: "எல்லாக் கதையிலயும் நீதாம்மா கெட்டிக்காரி." உண்மைதான். அதற்காகவே இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

குடையும் குழாயும்

முதலில் கலியபெருமாள் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சுரக்குடிக்காரர். விளம்பரப் பலகை எழுதுவது தொழில். காரைக்காலில் பாதிக் கடைகளின் பெயரும், கிளிஞ்சல்மேட்டில் கரையேறிக் கிடக்கும் படகுகளின் நம்பரும் அவர் கையெழுத்துதான். ஆள் ஒல்லி. காதில் பென்சிலும் வாயில் வெற்றிலையுமாகத்தான் எப்போதும் இருப்பார். எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஸ்டூடியோவின் பின்திரை கிழிந்துபோனபோது, புதிதாக ஒன்று வரைய அப்பா அவரை அழைத்து வந்தார். வழக்கமான மாளிகைப் படிக்கட்டும் அன்னமும் வரையச் சொன்னார் அப்பா. அன்னத்தை வரைந்தார். அதன் முகத்தில், படம் எடுத்துக்கொள்ள உட்காருகிறவரைப் பார்த்துக் கேலி செய்வதுபோல ஒரு சிரிப்பு. அப்பா அதை அழிக்கச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். அன்றிலிருந்து அவருக்கு நான் சிநேகிதி.

பலகை எழுதி மிச்சமான பெயிண்டை அவர் வீணாக்கமாட்டார். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே நிழலே இல்லாத ஒரு மொட்டைச் சுவர் இருந்தது. ஒருநாள் காலையில் பார்த்தால் அதில் ஒரு பெரிய கறுப்புக் குடை விரிந்திருக்கிறது. கைப்பிடி சரியாக ஓர் ஆள் கை உயரத்தில். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அதன் கீழே போய் நின்று, கைப்பிடியைப் பிடிப்பதுபோலக் கையை வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். வெயில் என்னவோ அடித்துக்கொண்டுதான் இருந்தது.

இன்னொரு சந்தில் ஒரு தண்ணீர்க் குழாய் வரைந்தார். சொட்டு விழப்போகிற குழாய். யாரோ ஒரு பெண் விளையாட்டாக அதன் கீழே குடத்தை வைத்தாள். மறுநாள் அதற்குப் பின்னால் நாலு குடம் வரிசையில் இருந்தது. மூன்றாம் நாள் அங்கே முறை வைத்துச் சண்டையும் போட்டார்கள், சிரித்துக்கொண்டே.

ஒரு வீட்டின் பக்கச் சுவரில் ஜன்னல் வரைந்து, அதில் கடுகடுவென்று ஒருவர் தெருவைப் பார்ப்பதாகப் போட்டார். வீட்டுக்காரர் வந்து, "அது என் மூஞ்சி" என்று கத்தினார். "இல்லீங்க, சும்மா ஒரு மூஞ்சிங்க" என்றார் அண்ணன். மீசையை மட்டும் எடுக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்காரர் உள்ளே போய்விட்டார்.

இப்போது நகரங்களில் இதற்கெல்லாம் விழா எடுக்கிறார்கள். சுவர் ஓவியர்களைப் பத்திரிகையில் பேட்டி காண்கிறார்கள். அன்றைக்குக் கலியபெருமாள் அண்ணனை யாரும் ஓவியர் என்று சொல்லவில்லை, 'போர்டு எழுதுறவரு'. அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடித்தால் எல்லாம் போய்விடும். அவர் வேறு சுவர் பார்ப்பார்.

இதைச் சொல்லும்போதே மனசு குத்துகிறது. தினமும் கேமராவோடு அந்தத் தெருக்களில் நடந்தவள் நான். அப்பாவுக்குக் கை நடுக்கம் வந்தபிறகு ஸ்டூடியோவே என் பொறுப்புத்தான். ஆண்கள் முன்னால் வராத முஸ்லிம் வீட்டுப் பெண்களுக்கு, ஹஜ்ஜுக்குப் போக பாஸ்போர்ட் படம் எடுக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப் போகும்போதும் வரும்போதும் அந்தக் குடையைத் தாண்டித்தான் போவேன். ஒரு படம்கூட எடுக்கவில்லை. ஃபிலிம் வீண் என்று நினைத்தேன். இன்று என்னிடம் குடையும் இல்லை, குழாயும் இல்லை. மிஞ்சியிருப்பது பாரிஸ் மட்டும்தான்.

கறுப்பு வெள்ளை நகரம்

பாரிஸை வரையச் சொன்னது நான்.

காரைக்காலில் அப்போது தெருவுக்கு இரண்டு வீட்டிலாவது யாராவது பிரான்சில் இருப்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை செய்தவர்களை 'சொல்தா' என்போம். லீவுக்கு வரும் சொல்தா வீட்டுக்காரர்கள் கொண்டுவரும் காலண்டர்களில் பாரிஸ் தெருக்கள் இருக்கும். அப்படி ஒரு காலண்டரைக் காட்டி, "கொல்லைச் சுவத்துல இதப் போட முடியுமா அண்ணே? சும்மா வேடிக்கைக்கு. ஜனங்க வந்து நின்னு எடுத்துக்கட்டும்" என்றேன்.

காலண்டரைத் தலைகீழாகப் பிடித்தும் பார்த்தார். "கலர் வேணுமா பாப்பா?"

"உங்க இஷ்டம்."

"உன் கேமராப் பொட்டிக்குத்தான் கலர் தெரியாதே. அதுக்குத் தெரிஞ்சத மட்டும் போடுறேன்."

சுண்ணாம்பு, விளக்குக் கரி, இரண்டையும் கலந்த சாம்பல். அவ்வளவுதான். பத்து நாளில் கொல்லைச் சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைத் தெரு எழுந்தது. நேரில் பார்த்தால் கரி பூசிய சுவர். கேமரா வழியாகப் பார்த்தால் ஊர். முன்னால் எங்கள் ஸ்டூடியோ நாற்காலிகள் இரண்டைப் போட்டு, மூன்றாவதைச் சுவரிலேயே வரைந்தார். படத்தில் எது மரம், எது கரி என்று எனக்கே தெரியாது. கடைப் பலகைக்குப் பிரெஞ்சு எழுத்து வேண்டுமே? ஒரு பழைய நொத்தேர் வீட்டு வாசலில் தொங்கிய பலகையைப் பார்த்து அப்படியே எழுதிக்கொண்டு வந்துவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை; பிரெஞ்சு படிக்கத் தெரிந்த அப்பாவைக் கேட்கவும் தோன்றவில்லை.

ஊரே வந்து சிரித்தது என்றுதான் எழுத ஆசை. உண்மையில் நாலைந்து பேர்தான் வந்தார்கள். நெடுங்காட்டிலிருந்து ஒரு விவசாயி, மேல்சட்டை இல்லாமல் தோளில் துண்டோடு, பாரிஸ் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து எடுத்துக்கொண்டார். என் தொழிலில் நான் எடுத்த மிகச் சந்தோஷமான படம் அது.

அப்புறம் மதலேன் வந்தாள்.

மதலேன்

மதலேனும் நானும் ஒரே வகுப்பு. எட்டாம் வகுப்பிலேயே அம்மா இறந்துவிட்டாள் அவளுக்கு. அப்பாவும் மகளும்தான். பிரான்சிலிருந்து லீவில் வந்த ஒரு பையனுக்கு அவளைப் பேசி, கோவிலில் கல்யாணம் முடித்து, ஒரு மாதம் இங்கேயே இருந்துவிட்டு அவன் திரும்பிப் போனான். காகிதங்கள் தயாரானதும் அழைத்துக்கொள்வதாகச் சொன்னான். ஞானப்பிரகாசம் மாமா மகளுக்குத் தினமும் சாயங்காலம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தார். தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "இந்தக் கோடைக்குள்ள போயிடுவா" என்பார். இரண்டு கோடை போயிற்று.

ஒரு பகல், கடையில் யாரும் இல்லாத நேரம், மதலேன் வந்து உள்ளறையில் உட்கார்ந்தாள். கையில் ஒரு கடிதம்.

"அவனுக்கு அங்க குடும்பம் இருக்குடி. கல்யாணத்துக்கு முன்னாடியே இருக்கு. புள்ளயும் இருக்காம்."

"மாமாவுக்குத் தெரியுமா?"

"சொல்லல. சொன்னா அவரு வெளிய தலை காட்டமாட்டாரு ஸ்டெல்லா. ஊரு பூரா சொல்லி வச்சிருக்காரு." கொஞ்ச நேரம் கடிதத்தை மடித்து மடித்துப் பிரித்தாள். "திருச்சியில ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல சமையல் பாத்துக்க ஆள் வேணுமாம். நம்மளுக்குப் பாடம் எடுத்த சிஸ்டர் சொன்னாங்க. காகிதம் வந்துட்டுதுன்னு அப்பாகிட்ட சொல்லிட்டு அங்க போயிடுறேன். ஒரு வருஷம். மெதுவா நானே சொல்லிடுவேன்."

பிறகு எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இதுல என்னை ஒண்ணு எடேன்."

எங்கள் ஸ்டூடியோவில் ஒரு சொல்தா விட்டுப்போன கம்பளிக் கோட்டு இருந்தது. ஆம்பிளைக் கோட்டு. முதுகுப் பக்கம் கிளிப் போட்டுப் பிடித்து அவளுக்கு மாட்டினேன். சித்திரை வெயிலில் வேர்த்துக் கொட்டியது. முகத்தைத் துடைத்துவிட்டு, "சிரி" என்றேன். சிரித்தாள்.

அவள் ஊரைவிட்டுப் போன அன்று, விமானம் ஏற்றிவிட மெட்ராஸ் வரைக்கும் வருகிறேன் என்றார் மாமா. கூடப் போக நாலு பேர் இருக்கிறார்கள் என்று அவள் பஸ் ஸ்டாண்டிலேயே அவரை நிறுத்திவிட்டாள். பஸ் கிளம்பியதும் அவர் வெள்ளைக்காரன்போல் கையை உயர்த்தி ஆட்டினார். நானும் பக்கத்தில் நின்று ஆட்டினேன்.

தபால்காரி

கடிதம் தபாலில் வந்தால் திருச்சி முத்திரை காட்டிக்கொடுத்துவிடும். அதனால் மதலேன் எனக்கு எழுதுவாள்; உள்ளே அப்பாவுக்கு ஒரு தனி உறை இருக்கும். யாரோ லீவுக்கு வந்தவர்கள் கொண்டுவந்து ஸ்டூடியோவில் கொடுத்ததாகச் சொல்லி நான் அதைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர் எழுதும் பதிலை, திரும்பிப் போகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவதாகச் சொல்லி வாங்கி, திருச்சிக்கு அனுப்புவேன்.

"மெர்சி ஸ்டெல்லா, மெர்சி" என்பார் ஒவ்வொரு தடவையும். கொஞ்சம் கடலை மிட்டாயாவது கொடுக்காமல் அனுப்பமாட்டார்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை மதலேன் முக்காடு போட்டுக்கொண்டு மத்தியான பஸ்ஸில் வருவாள். கொல்லைக் கதவு வழியாக உள்ளே வந்து, கோட்டு மாட்டி, படம் எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போய்விடுவாள். ஒரு தடவை அவள் கிளம்பும் நேரம் மாமா எங்கள் தெருவழியே மார்க்கெட்டுக்குப் போனார். கதவுத் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

"எளச்சுட்டாருல்ல?" என்றாள்.

"போய்ப் பேசேன்டி. ஓடிப் போய்க் கூப்பிடு."

"இப்பவா? இந்தக் கோலத்துலயா?"

அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். திரையைப் பிடித்திருந்த கையை நான்தான் எடுத்துவிட்டேன்.

ஒரு வருடம் என்றது இரண்டாயிற்று. கிறிஸ்துமஸுக்குப் பனி வேண்டும் என்று தோன்றியது. இது அவள் கேட்டதல்ல, என் யோசனை. சுண்ணாம்புத் தூளும் பஞ்சும் தூவி, சுவரில் கூரைகளையெல்லாம் வெள்ளையாக்க வேண்டும் என்று கலியபெருமாள் அண்ணனைக் கூப்பிட்டேன். படங்கள் எங்கே போகின்றன என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. தூரிகையைத் தண்ணீரில் அலசிக் கீழே வைத்தார்.

"நான் மாட்டேன் பாப்பா."

"ஏன் அண்ணே? இதுவரைக்கும் போட்டதுதானே?"

"குடை போட்டேன்ல. அதுக்கடியில நிக்கிறவனுக்கும் அது பொய்க்குடைன்னு தெரியும், பாக்குறவனுக்கும் தெரியும். அதனாலதான் ரெண்டு பேரும் சிரிச்சாங்க. இதுல அந்தப் பெரியவருக்குத் தெரியாதேம்மா."

"தெரிஞ்சா அவரு தாங்கமாட்டாரு."

"அது அவரு பாடு. நீ ஏன் முடிவு பண்ணுற?"

எனக்குக் கோபம் வந்தது. அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். அவர் டப்பாக்களை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு எங்கள் கொல்லைக்கு வரவே இல்லை.

பனியை நானே தூவினேன். சுவர் மழையில் பெயரத் தொடங்கியதும், இருட்டறையில் இரண்டு நெகட்டிவை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, காலண்டர்த் தெருவில் மதலேனை நடக்கவைத்தேன். பாலத்தின்மேல் நிற்கவைத்தேன். ஒட்டுத் தெரியாமல் பென்சிலால் திருத்தினேன். அவளுக்காகச் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். பாதி அப்படித்தான். மீதிப் பாதியை இந்த வயதில் மறைத்து என்ன ஆகப்போகிறது? எனக்கு அது பிடித்திருந்தது. கல்யாண ஜோடிகளையும் பாஸ்போர்ட் முகங்களையுமே எடுத்துக்கொண்டிருந்த எனக்கு, ஒரு நகரத்தையே செய்கிற வேலை அது. என் படத்தைக் கோவில் வாசலில் ஒருவர் ஊருக்கெல்லாம் காட்டுகிறார். வேறு யார் காட்டினார்கள் என் படங்களை?

தென்னை நிழல்

சுவரில் எடுத்த கடைசிப் படங்களில் ஒன்றில் ஒரு தப்பு நேர்ந்துவிட்டது. சாயங்கால வெயில். எங்கள் கொல்லைத் தென்னை ஓலையின் நிழல், பாரிஸ் மாடியின்மேல் சாய்வாக விழுந்திருந்தது. படம் கழுவும்போதே பார்த்தேன். மதலேனின் முகம் அதில்தான் நன்றாக வந்திருந்தது. பெரியவருக்குக் கண் மங்கல், கவனிக்கமாட்டார் என்று கொடுத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அவர் ஸ்டூடியோவுக்கே வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்தப் படத்தை மேசைமேல் வைத்தார்.

"ஸ்டெல்லா, பாரியில தென்ன மரம் இருக்குமா?"

பக்கத்து அறைக்கு அப்பால் கொல்லை. கதவு திறந்துதான் இருந்தது. நாலு அடி நடந்தால் அவர் அந்தச் சுவரைப் பார்த்துவிடலாம். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோட்டத்துல எங்கயாவது வச்சிருப்பாங்க மாமா. கண்ணாடி வீடு கட்டி, அதுக்குள்ள வளப்பாங்களாம்."

"ஓ."

"ஆமா மாமா."

"இருக்கும், இருக்கும்" என்றார். படத்தை எடுத்துச் செபப் புத்தகத்துக்குள் வைத்தார். எழுந்து வாசல்வரை போனவர் நின்று, "அவகிட்டேருந்து வேற ஏதாவது சேதி உண்டாம்மா? நீ எங்கிட்ட சொல்றதுக்குன்னு எதாவது?" என்று கேட்டார்.

"இல்ல மாமா."

அவர் தலையை ஆட்டிவிட்டு வெயிலில் இறங்கிப் போனார். எத்தனையோ தடவை அந்த இடத்துக்குத் திரும்பிப் போயிருக்கிறேன் மனசுக்குள். ஒவ்வொரு தடவையும் வேறு பதில் சொல்வேன்.

நாலு நாள்

ஐந்தாம் வருடம், ஐப்பசி மழையில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் கஞ்சி கொண்டுபோனேன். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "மதலேனுக்கு எழுதாதம்மா. புள்ள பதறிப்போயிடும். அங்கேருந்து வர்றதுன்னா சும்மாவா?"

அன்று மாலை தபாலாபீஸ் வாசலில் நின்று யோசித்தேன். தந்தி கொடுத்தால் மறுநாளே வந்துவிடுவாள். பாரிஸிலிருந்து ஒரே நாளில் எப்படி வந்தாள் என்று ஊர் கேட்கும். கடிதங்களை யார் கொண்டுவந்தார்கள் என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் நான்தான். இதையெல்லாம் அந்த வாசலில் நின்று எண்ணிப் பார்த்தேன். அப்புறம் தந்தி கொடுக்காமல், ஓர் இன்லண்டு லெட்டர் வாங்கி எழுதினேன். 'அப்பாவுக்குச் சளி, காய்ச்சல். பயப்பட ஒன்றுமில்லை. அடுத்த வாரம் எப்படி என்று எழுதுகிறேன்.'

சனிக்கிழமை கொஞ்சம் தேறினார். ஞாயிறு பேச்சு குறைந்தது. கையை மட்டும் பிடித்துக்கொண்டார். "அவ எங்க இருந்தா என்னம்மா, சொகமா இருந்தா சரி" என்றார். திங்கட்கிழமை விடியும்போது போய்விட்டார்.

தபாலாபீஸ் திறந்ததும் தந்தி கொடுத்தேன்.

பொழுது சாயும் நேரம் மதலேன் வந்தாள். சாதாரண வாயில் புடவை, கையில் ஒரு துணிப்பை. வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த ஜனம் அப்படியே எழுந்து வழிவிட்டது. பக்கத்து வீட்டு லூர்து அக்கா மட்டும் வாய் தவறிக் கேட்டுவிட்டார்: "எப்படிம்மா அதுக்குள்ள வந்த, அவ்வளவு தூரத்துலேருந்து?"

மதலேன் நின்றாள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"திருச்சியிலேருந்து வந்தேங்க்கா. அஞ்சு வருஷமா அங்கதான் இருக்கேன். நான் பிரான்சுக்குப் போகவே இல்ல."

உள்ளே போய் அவர் காலடியில் உட்கார்ந்தாள். நான் சுவரோரம் நின்றிருந்தேன். வாசலில் கலியபெருமாள் அண்ணன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவள் ஸ்டூடியோவுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"எப்ப படுத்தாரு?"

"வெள்ளிக்கிழமை."

"வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள்." விரலை மடக்கி எண்ணினாள். "உன் லெட்டரும் தந்தியும் ஒரே நேரத்துல வந்துச்சு ஸ்டெல்லா. தபால்காரரு ரெண்டையும் ஒரே கையில குடுத்தாரு. நான் லெட்டரத்தான் மொதல்ல படிச்சேன். பயப்பட ஒண்ணுமில்லன்னு எழுதியிருந்தியா, படிச்சுட்டு நிம்மதியாத்தான் தந்தியப் பிரிச்சேன்."

நான் அழுதேன். அவள் அழவில்லை.

"என்னைக் கேட்டாரா?"

"எழுதாதன்னு சொன்னாரு. நீ பதறுவேன்னு."

"அவரு சொல்லுவாரு. உனக்குத்தான் தெரியுமே நான் எங்க இருக்கேன்னு."

துணிப்பையிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள். "அவரு பெட்டியில இருந்துச்சு. உன்னுதுதான், வச்சுக்க."

அவள் போனபிறகு திறந்தேன். நான் எடுத்த படங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் அவருடைய சாய்ந்த கையெழுத்தில் பிரெஞ்சில் ஒரு வரி. என் அப்பாவிடம் படித்துக்காட்டச் சொன்னேன். "மா ஃபீய் ஆ பாரி" என்று படித்தார். 'பாரியில் என் மகள்.' ஒன்றொன்றாகப் படித்துக்கொண்டே வந்தவர், தென்னை நிழல் விழுந்த படம் வந்ததும் நிறுத்தினார். அதிலும், அதற்கப்புறம் வந்த படங்களிலும் 'ஆ பாரி' இல்லை. 'என் மகள்' என்று மட்டும் எழுதியிருந்தது.

அப்பா டப்பாவை மூடினார்.

திருச்சி

மதலேன் எனக்கு அப்புறம் எழுதவில்லை. நான் எழுதியவற்றுக்கும் பதில் இல்லை. எனக்குக் கல்யாணமாகி, மகளும் பிறந்து நடக்கத் தொடங்கிய பிறகு, ஒருநாள் விடியுமுன் மூன்று மணி பஸ் பிடித்துத் திருச்சிக்குப் போனேன்.

அதே ஹாஸ்டலில்தான் இருந்தாள். சமையலறைக்கு முழுப் பொறுப்பும் இப்போது அவள்தான். தலையில் நரை விழுந்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் சுளிக்கவில்லை. உட்காரவைத்து இட்லி போட்டாள். சட்னி காரமா என்று கேட்டாள். என் மகள் பெயர் கேட்டாள், என்ன படிக்கப்போகிறாள் என்று கேட்டாள். நான் பேசவந்ததைப் பேச இடமே இல்லை. கடைசியில் நானே ஆரம்பித்தேன்.

"அன்னைக்கு நான் தந்தி குடுத்திருக்கணும் மதலேன்."

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"அன்னைக்குன்னு இல்ல. நானும் என்னைக்கோ சொல்லியிருக்கணும். ரெண்டு பேரும்தான்." காலியான தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள். "ஆனா ஸ்டெல்லா, இனிமே வராத. கோவத்துல சொல்லல. இங்க இருக்கிறவங்களுக்கு நான் சமையக்கார அக்கா, அவ்வளவுதான். உன்னப் பார்த்தா மட்டும், கோட்டப் போட்டுக்கிட்டு அவருக்காகச் சிரிச்சதெல்லாம் வந்துடுது."

சரி என்று தலையாட்டினேன். வாசல்வரை வந்து வழியனுப்பினாள். மகளுக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு பொட்டலத்தில் முறுக்கு கட்டிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு நான் போகவில்லை.

அன்று திருச்சியில் நான் பஸ் ஏறியபோது மணி பத்தரை. தஞ்சாவூரில் ஒரு காபி, கும்பகோணத்தில் பஸ் மாற்றம். காரைக்காலில் இறங்கியபோது நாலு மணிகூட ஆகவில்லை. வெயில் அப்படியே இருந்தது.